மனச்சோர்வும் இதய நோயும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்பு வந்து வீடு திரும்பியவர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் பேசும்போது சில சந்தேகங்கள் மட்டும் மாறாமல் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவுகள். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இந்தப் பக்கம் உதவும்.

1. மனசு சரியில்லைன்னா இதயத்துக்கு என்ன வந்தது? ரெண்டும் வேற வேற இல்லையா?

வேறு வேறு என்று பிரித்தது நம் வசதிக்காக. இதய மருத்துவர் மனத்தைப் பற்றிக் கேட்பதில்லை. மனநல மருத்துவர் கொலஸ்ட்ராலைப் பற்றிக் கேட்பதில்லை. உடம்புக்குள் அப்படிப்பட்ட சுவர் எதுவும் கிடையாது. மூளையிலிருந்து இதயத்துக்கு நரம்பு நேராகப் போகிறது. மூளை உத்தரவிட்டால் சுரக்கும் ஹார்மோன்கள் ரத்தத்தில் கலந்து ரத்தக்குழாய்ச் சுவர்வரை போகின்றன. ரத்தத்தில் மிதக்கும் அழற்சிப் பொருட்கள் திரும்பி மூளையையும் பாதிக்கின்றன.

மனச்சோர்வு என்பது மூளையும் உடம்பும் சேர்ந்து மாறிப்போகும் நிலை. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. "மனதைத் தைரியமாக வைத்துக்கொள்" என்ற ஒரே அறிவுரையோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது.

2. ஆஸ்பத்திரியில இருந்து வந்தா யாருக்கும் கவலை இருக்கத்தானே செய்யும்? அதுவே மனச்சோர்வு ஆயிடுமா?

ஆகாது. பயம், அழுகை, எரிச்சல் எல்லாம் முதல் சில நாட்களில் சகஜம், பெரும்பாலும் தானாகவே தணியும். மனச்சோர்வு என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 2 வாரங்கள், ஏறக்குறைய நாள் முழுவதும், தினமும் நீடித்திருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கையும் அதனால் தடைபட்டிருக்க வேண்டும்.

மருத்துவர்கள் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: கடந்த 2 வாரங்களில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்தீர்களா? மனம் தாழ்ந்து, நம்பிக்கையற்று இருந்தீர்களா? பதில் கவலை தருவதாக இருந்தால் 9 கேள்விகள் கொண்ட பட்டியலுக்குப் போவார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2008-லேயே இதய நோயாளிகளிடம் இப்படிக் கேட்கும்படி பரிந்துரைத்தது.

ஒரு சிக்கல் உண்டு. களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை இதய நோயாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். அதனால் அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பேரப்பிள்ளை வந்தால்கூட முகம் மலரவில்லை, "நான் எல்லோருக்கும் பாரம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்றால், அதைக் களைப்புக் கணக்கில் எழுதாதீர்கள்.

3. இது எத்தனை பேருக்கு வரும்? நிஜமாவே உயிருக்கு ஆபத்தா?

மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு முழுமையான மனச்சோர்வு காணப்படுகிறது. லேசான அறிகுறிகள் உள்ளவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

ஆபத்தா என்ற கேள்வியைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வைத்தது 1993-இல் மான்ட்ரியலில் இருந்து வந்த ஆய்வு. நான்சி ஃப்ரேசர்-ஸ்மித் குழுவினர் மாரடைப்பு வந்த 222 பேரை 6 மாதம் கவனித்தார்கள். இதயம் எவ்வளவு சேதமடைந்திருந்தது என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும், மனச்சோர்வு இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 4 மடங்காக இருந்தது. சிறிய ஆய்வு என்பதால் எண் பெரிதாக வந்திருக்கலாம். பின்னால் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அது சுமார் 2 மடங்கு. அதுவும் சிறிய எண் அல்ல. 2014-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு, மாரடைப்புக்குப் பிந்தைய மனச்சோர்வை முறையான அபாயக் காரணியாக ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

4. சரி, உள்ளுக்குள்ள என்னதான் நடக்குது? கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

ஒரே ஒரு பொருளைக் காட்டி "இதுதான் குற்றவாளி" என்று சொல்ல முடியாது. பல வழிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. முதலில் இரண்டைப் பார்ப்போம்.

முதல் வழி கார்ட்டிசால் என்ற ஹார்மோன். ஆபத்து நேரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும், அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும், கார்ட்டிசால் சுரக்கும். தேவை முடிந்ததும் அந்தக் கார்ட்டிசாலே மூளைக்குத் தகவல் சொல்லி உற்பத்தியை நிறுத்தும். மனச்சோர்வு உள்ளவர்களில் கணிசமானோருக்கு, குறிப்பாகத் தீவிர நிலையில், இந்த நிறுத்தம் சரியாக வேலை செய்வதில்லை. நீண்டகாலம் கூடுதலாகவே இருக்கும் கார்ட்டிசால் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கும், இன்சுலினை மந்தப்படுத்தும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். மூன்றும் இதயத்துக்கு வேண்டாதவை.

இரண்டாவது வழி தன்னியக்க நரம்புகள். சிம்பதெடிக் நரம்புகள் இதயத்தை வேகப்படுத்தும். வேகஸ் நரம்பு பிரேக் போல அதை அடக்கும். ஆரோக்கியமான இதயம் கடிகாரம்போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி நுட்பமாகக் கூடிக் குறையும். மனச்சோர்வில் வேகஸின் பிடி தளர்வதால் இந்த ஏற்ற இறக்கம் சுருங்குகிறது. மாரடைப்புக்குப் பின் ஏற்ற இறக்கம் மிகக் குறைந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது 1987-இலேயே தெரிந்துவிட்டது. கட்டுப்பாடு தளர்ந்த இதயத்தில் ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் எளிதில் கிளம்பும்.

5. மனச்சோர்வு இருந்தா ரத்தம் சீக்கிரம் உறையும்னு ஒருத்தர் சொன்னார். கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் சுவாரசியமான பகுதி இதுதான்.

செரட்டோனின் என்ற வேதிப்பொருள் என்றால் எல்லோரும் மூளையை நினைப்பார்கள். உடம்பின் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் உருவாகிறது. ரத்தத்தில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் தட்டணுக்களுக்குள் சேமித்து வைக்கப்படுகிறது. தட்டணுக்கள்தான் காயம் பட்டால் ஓடிவந்து அடைப்பை உண்டாக்குபவை. செரட்டோனினை உள்ளே இழுக்க மூளை நரம்பணு பயன்படுத்தும் அதே புரதத்தைத்தான் தட்டணுவும் பயன்படுத்துகிறது. காயத்தின் அருகே ஒரு தட்டணு தன் செரட்டோனினைக் கொட்டினால் அது பக்கத்துத் தட்டணுக்களையும் ஒட்டிக்கொள்ளத் தூண்டும். மனச்சோர்வு உள்ளவர்களில் பலருக்குத் தட்டணுக்கள் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாக, சின்னத் தூண்டலுக்கே ஒட்டத் தயாராக இருப்பது ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது.

மாரடைப்பு நடப்பது எப்படி என்று நினைத்துப் பாருங்கள்: ரத்தக்குழாயில் படிந்த கொழுப்புத் திட்டு கிழிகிறது, அதன்மேல் தட்டணுக்கள் குவிகின்றன, உறைகட்டி வழியை அடைக்கிறது. ஒட்டத் துடிக்கும் தட்டணுக்கள் அந்த இடத்தில் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மனச்சோர்வு மாத்திரைகள் தட்டணுவிலும் வேலை செய்வதற்கும் அந்தப் பொதுவான புரதமே காரணம். அது 11-ஆம் பதிலில் வரும்.

6. இன்ஃப்ளமேஷன், இன்ஃப்ளமேஷன்னு எல்லா இடத்திலயும் சொல்றாங்களே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. அழற்சி என்பது கிருமியும் காயமும் வரும்போது உடம்பு எடுக்கும் தற்காப்பு. அது லேசாக, ஆனால் வருடக்கணக்கில் எரிந்துகொண்டே இருந்தால் ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்புத் திட்டுகள் வளரும், கிழியவும் செய்யும். மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ரத்தத்தில் சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிக் குறிகள் சற்றே உயர்ந்திருக்கின்றன. ரத்தக்குழாயின் உள்வரிச் செல்கள் விரிந்து கொடுக்கும் திறனும் குறைகிறது.

எதிர்த்திசையில் அழற்சி மனத்தைத் தாழ்த்தும் என்பதற்கு நல்ல சான்று ஹெபடைட்டிஸ் சி சிகிச்சையிலிருந்து கிடைத்தது. முன்பு அதற்கு இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். அது நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள். ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சில வாரங்களிலேயே மனச்சோர்வு வந்தது. காய்ச்சல் வந்தால் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போர்வைக்குள் சுருண்டுவிடுகிறோம் அல்லவா? அந்த நிலையை உண்டாக்குவதும் இதே அழற்சிப் பொருட்கள்தாம்.

மூளையிலிருந்து ரத்தக்குழாய்வரை போகும் பாதையையும் படம் பிடித்திருக்கிறார்கள். 2017-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வில் 293 பேருக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி அதிகமாக இயங்கியவர்களுக்கு அழற்சிச் செல்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையின் இயக்கமும் ரத்தக்குழாய் அழற்சியும் கூடியிருந்தன. பிற்காலத்தில் இதய நோய், பக்கவாதம் வந்ததும் அவர்களுக்கே அதிகம். இது மன அழுத்தத்தைப் பற்றிய ஆய்வு, மனச்சோர்வைப் பற்றியது அல்ல. ஆனாலும் பாதை ஒன்றுதான் என்று நினைக்க இடமிருக்கிறது.

7. முதல்ல எது வருது, மனச்சோர்வா இதய நோயா?

இரண்டு வரிசையும் உண்டு. இதய நோய் இல்லாதவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு சுமார் 1.6 மடங்கு. மறுபக்கம், மாரடைப்பில் சேதமான தசை அழற்சியைக் கிளப்பி, 6-ஆம் பதிலில் சொன்ன வழியில் மனத்தையும் தாழ்த்தலாம். வயதானவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: இதயக் குழாய்களைக் கெடுக்கும் அதே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் நுண்குழாய்களையும் கெடுத்து, முதுமையில் புதிதாகத் தொடங்கும் மனச்சோர்வுக்குக் காரணமாகலாம்.

மூன்றாவதாக, இரண்டுக்கும் பொதுவான வேர். இரண்டு நோய்களின் மரபணுப் பின்னணியும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிகிறது. சிறுவயதுத் துன்பங்கள் இரண்டையும் கூட்டுகின்றன. எனவே "எது முதலில்" என்பதற்கு ஒரே பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

8. இதுல உயிரியல் எங்க இருக்கு? மனசு சரியில்லாதவங்க மாத்திரை போடமாட்டாங்க, நடக்கமாட்டாங்க, சிகரெட் குடிப்பாங்க. அதனாலதானே?

கூர்மையான கேள்வி. பாதி உண்மை என்று சொன்னாலும் தப்பில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் இதய நோயாளிகள் 1,017 பேரை வைத்து நடந்த 'ஹார்ட் அண்ட் சோல்' ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. மனச்சோர்வு அறிகுறிகள் உள்ளவர்களுக்கு இதயப் பாதிப்புகள் சுமார் 50 சதவீதம் அதிகமாக வந்தன. ஆனால் உடலுழைப்புக் குறைவையும் மற்ற பழக்கங்களையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

அதனால் 4, 5, 6-ஆம் பதில்களைக் கிழித்துப் போட வேண்டுமா? வேண்டாம். அசையாமல் இருந்தால் அழற்சி கூடும், வேகஸின் பிடி தளரும், இன்சுலின் மந்தமாகும். பழக்கம் உடம்பைத் தொடுவதே இந்த உயிரியல் வழிகளில்தான். அதோடு, "மாத்திரை போடமாட்டேன், நடக்கமாட்டேன்" என்பதும் நோயின் அறிகுறியே. ஊக்கத்தைத் தரும் மூளைச் சுற்று மந்தமாகிக் கிடக்கும் மனிதரைச் சோம்பேறி என்று திட்டி எழுப்ப முடியாது. இந்த ஆய்வைக் காட்டி நோயாளியைக் குறை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

9. பெரிய அதிர்ச்சி வந்தா இதயம் நின்னுடும்னு சொல்றது இதுதானா?

இல்லை, அது வேறு. திடீர்த் துக்கம், அதிர்ச்சி ஆகியவற்றுக்குப் பிறகு இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாக உப்பிப் பலவீனமாகும் ஒரு நிலை உண்டு. 1990-இல் ஜப்பானில் முதலில் விவரித்தார்கள். டாகோட்சுபோ என்று பெயர். வருபவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். மாரடைப்புப் போலவே நெஞ்சு வலிக்கும், ஆனால் ஆஞ்சியோவில் அதற்கேற்ற அடைப்பு இருக்காது. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பும். அது அட்ரினலின் ஒரேயடியாகப் பொங்குவதோடு தொடர்புடையது. மனச்சோர்வின் பாதிப்பு மெதுவாக, வருடங்களில் சேர்வது.

10. பீட்டா பிளாக்கர் போட ஆரம்பிச்சதுல இருந்துதான் அவருக்கு மனசு சோர்ந்துபோச்சு. நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். பீட்டா பிளாக்கர் இதயத் துடிப்பை மெதுவாக்கும் மாத்திரை. திடீரென்று நிறுத்தினால் இதயம் எகிறித் துடித்து, நெஞ்சு வலியோ மாரடைப்போகூட வரலாம்.

இந்த மாத்திரை மனச்சோர்வைத் தரும் என்பது 1960-களில் தொடங்கிய பழைய சந்தேகம். 2021-இல் 285 பரிசோதனைகளை, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களோடு, சேர்த்துப் பார்த்தார்கள். பொய் மாத்திரை (மருந்தே இல்லாத மாத்திரை) போட்டவர்களைவிட பீட்டா பிளாக்கர் எடுத்தவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் வரவில்லை. களைப்பு, தூக்கக் கெடுதல், விசித்திரமான கனவுகள் வரலாம். மாத்திரையும் மாரடைப்பும் ஒரே வாரத்தில் வந்ததால் பழி மாத்திரைமேல் விழுகிறது என்பது என் எண்ணம். களைப்பு தாங்கவில்லை என்றால் மருத்துவர் அளவை மாற்றலாம், வேறு வகை தரலாம்.

11. ஹார்ட் பேஷன்ட் மனச்சோர்வு மாத்திரை போடலாமா? இதயத்துக்குக் கெடுதல்னு கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்டது பழைய வகை மாத்திரைகளைப் பற்றி. அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற டிரைசைக்ளிக் வகை இதயத்தின் மின்னோட்டத்தை மந்தப்படுத்தும். துடிப்புக் கோளாறு வரலாம். மாரடைப்பு வந்தவர்களுக்கு அவற்றைத் தவிர்க்கிறார்கள். இன்று முதலில் தருவது செர்ட்ரலின் போன்ற, செரட்டோனினை மட்டும் குறிவைக்கும் மாத்திரைகள். 2002-இல் வந்த சாட்ஹார்ட் பரிசோதனையில் 369 இதய நோயாளிகளுக்குச் செர்ட்ரலினோ பொய் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். செர்ட்ரலின் இதயத்தின் பம்ப் செய்யும் திறனைக் கெடுக்கவில்லை, துடிப்பையும் குலைக்கவில்லை.

மனச்சோர்வு மாத்திரைகளில் கவனிக்க வேண்டியவை சில. சிட்டாலோபிராம் அதிக அளவில் ஈ.சி.ஜி.யில் க்யூடி என்ற இடைவெளியை நீட்டும், அது துடிப்புக் கோளாறுக்கு வழி. அதனால் நாளைக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, 60 வயதுக்கு மேல் 20 மில்லிகிராம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வரம்பு வைத்தது. வென்லாஃபாக்சின் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். ஃப்ளூஆக்சிடின், பராக்சிடின் ஆகியவை மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர் கல்லீரலில் சிதைவதைத் தடுத்து, துடிப்பை அளவுக்கு மீறிக் குறைக்கலாம்.

அடுத்தது 5-ஆம் பதிலில் சொன்ன தட்டணு. இந்த மாத்திரைகள் தட்டணுக்குள் செரட்டோனின் போவதையும் தடுப்பதால் அவற்றின் ஒட்டும் குணம் குறைகிறது. மாரடைப்பு வந்தவருக்கு அது ஓரளவு நல்லதுதான். ஆனால் அவர் ஏற்கெனவே தட்டணு ஒட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுத்துக்கொண்டிருப்பார்; எல்லாம் சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். மலம் கறுத்துப் போனாலோ, காரணமில்லாமல் உடம்பில் நீலத் திட்டுகள் தோன்றினாலோ உடனே சொல்லுங்கள்.

12. அப்போ மனச்சோர்வைச் சரிபண்ணிட்டா அடுத்த அட்டாக் வராதா?

இப்படி உறுதி கொடுப்பவர்களை நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2,481 பேரோடு நடந்த என்ரிச்ட் பரிசோதனை 2003-இல் முடிவைச் சொன்னது. பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் கொடுத்ததில் மனச்சோர்வு ஓரளவு தணிந்தது. இறப்பும் அடுத்த மாரடைப்பும் குறையவில்லை. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குச் செர்ட்ரலின், எஸ்சிட்டாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரைகள் இரண்டையும் தனித்தனியே சோதித்தார்கள். அங்கே மனச்சோர்வுக்கே பொய் மாத்திரையைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தில் தென் கொரியாவில் 300 பேருக்கு நடந்த பரிசோதனை. 24 வாரம் எஸ்சிட்டாலோபிராம் கொடுத்துவிட்டுச் சுமார் 8 வருடம் கவனித்தார்கள். பெரிய இதயப் பாதிப்புகள் மாத்திரை போட்டவர்களில் 40.9 சதவீதம் பேருக்கும் பொய் மாத்திரை போட்டவர்களில் 53.6 சதவீதம் பேருக்கும் வந்தன. 2018-இல் வெளியான இந்த முடிவு நம்பிக்கை தருகிறது, ஆனால் 300 பேர் என்பது சிறிய எண்ணிக்கை.

மனச்சோர்வு தணிந்தால் தூக்கம் திரும்பும், சாப்பாடு இறங்கும், மனிதர்களோடு பேசத் தோன்றும். சிகிச்சைக்கு அது ஒன்றே போதுமான காரணம். இதயத்துக்கும் நன்மை வந்தால் லாபம்.

13. மாத்திரை வேண்டாம், நடந்தாலே சரியாகிடுமா?

லேசானதற்கும் நடுத்தரத்துக்கும் நடப்பது உண்மையிலேயே சிகிச்சை. 2012-இல் வந்த அப்பீட் பரிசோதனையில், மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 101 இதய நோயாளிகளில் மேற்பார்வையோடு 4 மாதம் உடற்பயிற்சி செய்தவர்களும் செர்ட்ரலின் எடுத்தவர்களும் பொய் மாத்திரை எடுத்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். 8-ஆம் பதிலை இதோடு சேர்த்துப் படியுங்கள்: உடற்பயிற்சி இரண்டு நோயையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கு உங்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தவறவிடாதீர்கள். படுக்கையை விட்டே எழ முடியாத அளவுக்குத் தீவிரம் என்றால், நடக்க வைப்பதற்கே முதலில் மாத்திரை தேவைப்படலாம்.

14. மீன் எண்ணெய் மாத்திரை, மூலிகை எல்லாம்?

ஒமேகா-3 பற்றி எதிர்பார்ப்பு நிறைய இருந்தது. இதய நோயும் மனச்சோர்வும் உள்ள 122 பேருக்குச் செர்ட்ரலினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2009-இல் வந்த முடிவு, கூடுதல் பலன் இல்லை.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை விஷயத்தில் கண்டிப்பாக எச்சரிக்கை தேவை. அது கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், அபிக்சபான், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சில ஸ்டாட்டின்கள் வலுவிழக்கும். "இயற்கையானதுதானே" என்று மருத்துவரிடம் சொல்லாமல் எடுப்பது ஆபத்து.

15. சி.ஆர்.பி. டெஸ்ட் எடுத்தோ, வாட்ச்சில துடிப்பு ஏற்ற இறக்கம் பார்த்தோ மனச்சோர்வைக் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. பெரிய கூட்டத்தின் சராசரியில் தெரியும் வித்தியாசம் ஒரு தனிமனிதரைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்லாது. சளி பிடித்தாலே சி.ஆர்.பி. ஏறும், ஒரு இரவு தூக்கம் கெட்டாலே வாட்ச் எண் இறங்கும். 2-ஆம் பதிலில் உள்ள இரண்டு கேள்விகள் இவற்றைவிட எவ்வளவோ மேல், காசும் ஆகாது.

16. நெஞ்சு படபடக்குது, அடைக்குது. இது மனசா, இதயமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முயலாதீர்கள். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் இதயம் என்றே எடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். மனச்சோர்வு உள்ளவர் என்று பதிவாகிவிட்டால், "எல்லாம் மன உளைச்சல்தான்" என்று மற்றவர்கள் ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. 3-ஆம் பதிலில் பார்த்தபடி, இவர்களுக்கு இதய ஆபத்து அதிகம்.

17. அப்பா "இனி வாழ்ந்து என்ன, மாத்திரை எல்லாம் எதுக்கு"ன்னு சொல்றார். ஹார்ட் டாக்டர்கிட்ட சொல்லணுமா, வேற டாக்டரா?

யாரை முதலில் பார்க்க முடிகிறதோ அவரிடம் சொல்லுங்கள், அடுத்த செக்கப்வரை காத்திருக்காமல். இதய மருத்துவரிடம் சொல்லும்போது "டல்லா இருக்கார்" என்று மழுப்பாமல், அப்பா சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள், எத்தனை வேளை மாத்திரை தவறியது என்பதையும் சேர்த்து. மனநல மருத்துவரைப் பார்க்கும்போது இதய மாத்திரைச் சீட்டு முழுவதையும் கையோடு கொண்டுபோங்கள். 11-ஆம் பதிலில் சொன்ன மோதல்களை அவர் பார்த்தாக வேண்டும்.

அப்பாவிடமே "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம், அப்படி நடப்பதில்லை. ஆம் என்று சொன்னாலோ, மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருப்பதாகத் தெரிந்தாலோ, அவரைத் தனியே விடாதீர்கள், மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி என்றால் எந்த அவசரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவீர்களோ, அதே அவசரத்தில் அன்றே கூட்டிப்போங்கள்.